ரோஸ் நிறத்தில் நீர்மோர்

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் எங்கள் தெருமுனையில் நீர்மோர்ப் பந்தல் போடுவது அப்பாவின் வேலை. வேலை என்று நான்தான் சொல்கிறேன், அவருக்கு அது உயிர். வருடம் முழுக்க வீட்டுக்குப் பின்னால் சாயப் பட்டறையின் ஆவியில் வெந்து, நூலுக்கு நிறம் ஏற்றுகிற மனிதர் அவர். அன்று ஒரு நாள் மட்டும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கையில் செம்போடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்பார். நம் கையால் வாங்கிக் குடிக்கிறவர்களின் வயிறு குளிர வேண்டும் என்பார். அவர் வேறு எதற்கும் பெரிதாக ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் சொல்லப் போகிற திருவிழாவுக்குச் சில வருடங்களுக்கு முன்புவரை எங்கள் சாயக் கழிவு தெருச் சாக்கடையில்தான் ஓடியது. இன்றைக்குப் பச்சை, நாளைக்கு மஞ்சள். எதிர்வீட்டு அக்கா தினமும் வாசலில் நின்று, "ஏண்ணே, தெருவா இது? ஒரு கோலம் போட முடியுதா?" என்று கத்துவார். அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வார். சண்டை போடத் தெரியாத மனிதரிடம் சண்டை போடுவதில் எதிர்வீட்டு அக்காவுக்கு என்ன சுகமோ, எனக்கு எரிச்சலாக வரும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கொல்லைக் கிணறு வற்றியது. தெருவே தரையைத் துளைத்து போர் போட்டது, நாங்களும் கிணற்றுக்குப் பக்கத்திலேயே போட்டோம். தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தது. கிணறு சும்மாதானே கிடக்கிறது என்று அப்பா பட்டறையிலிருந்து ஒரு குழாயை இழுத்து அதற்குள் விட்டுவிட்டார். சாக்கடை தெளிந்தது. எதிர்வீட்டு அக்கா தட்டில் பலகாரமே கொண்டுவந்து கொடுத்தார். இவ்வளவு எளிய வழி இத்தனை நாள் தோன்றாமல் போயிற்றே என்று எல்லோரும் அப்பாவைக் கொண்டாடினார்கள். வற்றிய கிணறு எங்களுக்கு வெறும் காலிக் குழி. அதன் அடியிலும் மண் இருக்கிறது, அந்த மண்ணுக்குள் வழி இருக்கிறது என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை.

நான் பெண்கள் பாலிடெக்னிக்கில் படித்த வருடத்துத் திருவிழா அது. குடிக்க மாநகராட்சிக் குழாய், புழங்க போர் என்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அந்தச் சித்திரையில் குழாயில் காற்றுதான் வந்தது. திருவிழாவுக்கு முந்தைய நாட்களில் கோடை மழை வேறு கொட்டித் தீர்த்திருந்தது. மோருக்கு போர் தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம், உப்புக்கூட அவ்வளவாக இல்லை என்றார் அம்மா. விடிவதற்கு முன்னால் டியூப் லைட் வெளிச்சத்தில் அண்டா அண்டாவாகத் தயிரைக் கடைந்து, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டுக் கலக்கினோம். அந்த நீல வெளிச்சத்தில் எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிந்தது.

அழகர் இறங்கிவிட்டார் என்று வேட்டுச் சத்தம் கேட்டதும் கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. அப்பா ஊற்ற ஊற்ற, நான் டம்ளர்களை நீட்டிக்கொண்டே இருந்தேன். வெயில் ஏறத் தொடங்கியதும் ஓர் இளவட்டம் டம்ளரை உயர்த்திப் பார்த்து, "டேய் மாப்ள, இந்த வருசம் ரோஸ்மில்க்கு ஊத்துறாய்ங்கடா!" என்று கத்தினான். அவ்வளவுதான், பந்தலை மொய்த்துவிட்டார்கள். அப்பாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அம்மா ஏதாவது எசன்ஸ் கலந்தாளா என்று என்னிடம் கேட்டபடியே அண்டாவை எட்டிப் பார்த்தார்.

அவர் ஒரு கை மோரை அள்ளி வெயிலில் பிடித்தார். அவர் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். நிறத்தைக் கண்ணாலேயே எடை போடுகிறவர் அவர். முந்தைய வாரம் தாமே கலக்கிக் கிணற்றுக்குள் விட்ட சிவப்பு, தண்ணீரில் நீர்த்தால் எப்படி வெளுக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

"குடிக்காதீங்க" என்று அவர் அலறினார். ஆனால் பதற்றத்தில் எங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் அலறினார். கிராமங்களிலிருந்து வந்த அந்தக் கூட்டத்தில் அது யாருக்குப் புரியும்? சாமி வந்து ஏதோ சொல்கிறார் என்று நினைத்து ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு டம்ளரை நீட்டினார். அப்பா மறுபடி மறுபடி அதையே கத்துகிறார், அவர்கள் தாங்களே மொண்டு மொண்டு குடிக்கிறார்கள். நான்தான் டம்ளர்களைத் தட்டிவிட்டு, "குடிக்காதீங்க, தண்ணி கெட்டுப்போச்சு!" என்று தமிழில் தொண்டை கிழியக் கத்தினேன். "பொம்பளப் பிள்ளைக்கு எம்புட்டுத் திமிரு" என்று திட்டிக்கொண்டே கலைந்தார்கள்.

பந்தல் காலியானது. அப்பா அண்டாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து எத்தனை பேர் குடித்திருப்பார்கள் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

அப்போது ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு ஆற்றுப் பக்கமிருந்து வேகமாக வந்தாள். "அண்ணே, விடிய வாங்கிக் குடிச்ச மோரைத்தான் கேட்டு இது அழுவுது. பேரையூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு, கொஞ்சம் ஊத்துங்கண்ணே" என்றாள்.

அப்பா தலையை நிமிர்த்தாமல், "தீந்துபோச்சும்மா" என்றார்.

அவள் அண்டாவைப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது. அவள் முகம் கறுத்துவிட்டது. "நெறயா இருக்கேண்ணே. எங்களப் பாத்தா மட்டும் தீந்துபோயிருமா? ஊர்லதான் இப்படின்னா, சாமி பாக்க வந்த எடத்துலயுமா?"

தண்ணீர் கேட்டு மறுக்கப்பட்டவளின் கோபம் அது. அது எங்கள் அப்பாவின் மேல் விழும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அவர் பதறி எழுந்து கைகூப்பினார். "ஐயோ, அப்படி இல்லம்மா! சாயத் தண்ணிம்மா இது. எங்க பட்டறைக் கழிவு கலந்திருக்கு. வெஷம்மா" என்றார்.

அவள் குழந்தையின் வாயைத் துடைத்துப் பார்த்தாள். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப, விடிய எம்பிள்ள குடிச்சது?"

"ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாம்மா" என்று அப்பா தெருவில் இறங்கியபோது, அவள் பிள்ளையை மார்போடு அழுத்திக்கொண்டு ஓட ஆரம்பித்திருந்தாள். அடுத்த சாமி ஊர்வலம் போலிருக்கிறது, கூட்டம் அடைத்துக்கொண்டு வந்தது. அப்பா அதற்குள் புகுந்து தேடினார். உச்சி வெயிலில் தனி ஆளாகத் திரும்பி வந்தார்.

பட்டறை அன்றோடு நின்றது. அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பேரையூர் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார். அவளுடைய பெயரோ, அந்த பஸ்ஸில் போய் அவள் இறங்கும் ஊரோ எங்களுக்குத் தெரியாது. சுற்றிலும் எத்தனையோ கிராமங்கள். ஒவ்வொன்றிலும் இறங்கி, சித்திரைத் திருவிழாவுக்கு வந்துபோன பிறகு இந்த ஊரில் ஏதாவது குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனதா என்று விசாரிப்பாராம். நீங்க யாரு, எதுக்குக் கேக்குறீங்க என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், பதில் சொல்லாமல் அடுத்த பஸ் ஏறிவிடுவாராம்.