புதுச் சட்டையில் இரண்டு நிமிடம்

திருச்செங்கோட்டுக்கு வெளியே ஒரு கல்லூரியில் நான் கணினி வாத்தியார். இணையவழிப் பட்டப்படிப்புக்காக என் பாடங்களை வீடியோவாக எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் அவற்றைப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. நான் புதுப்பித்த லட்சணத்தைச் சொல்கிறேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் மறுபடி எடுப்போம். வணக்கம் சொல்லி, நடப்புக் கல்வியாண்டைச் சொல்வேன். அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு முந்தைய நான் வந்து பாடம் நடத்துவேன், தலை நிறைய முடியோடு. படிவத்தில் 'புதுப்பிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவேன். துறைத்தலைவரும் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். கடைசிவரை எவன் பார்க்கப்போகிறான் என்ற தைரியம்தான்.

ஒருவர் பார்த்திருக்கிறார். எடப்பாடியில் விசைத்தறி ஓட்டும் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். கடைசி ஆண்டில் என் பேப்பரில் மட்டும் ஃபெயிலாகி, பஸ் பிடித்து என்னைத் தேடி வந்துவிட்டார். பாஸாகியிருந்தால் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம்.

பையிலிருந்து மூன்று நோட்டுகளை எடுத்து என் மேசைமேல் வைத்தார். தறிப்பட்டறையிலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வீடியோவை நிறுத்தி நிறுத்தி, நான் சொன்னதை வரி விடாமல் எழுதியிருந்தார். 'சரி, அடுத்ததுக்குப் போவோம்' என்று நான் சும்மா சொன்னதுகூட இருந்தது.

"கொஸ்டின்ல வந்ததுல பாதி இதுல எங்கயுமே இல்லீங்க சார். எந்த எடத்துல உட்டுப்போட்டேன்னு நீங்கதான் பாத்துச் சொல்லோணுங்க."

அவர் எங்கேயும் விடவில்லை. பாடத்திட்டம் போன வருடமே மாறிவிட்டது. கேள்வித்தாள் புதுப் பாடத்திட்டப்படி வந்திருந்தது. அது தெரிந்தும் பழைய வீடியோவுக்கு டிக் அடித்தவன் நான். உண்மையைச் சொன்னால் அதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்பார், அப்புறம் நிர்வாகம் என் சீட்டைக் கிழித்துவிடும். அதனால் எதையோ தேடுகிறவன் மாதிரி பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"இன்னொருக்கா எழுதுங்க, பாஸாயிரலாங்க" என்றேன்.

"சரிங்க சார். தறிச் சத்தத்துல நாந்தான் சரியாக் கேக்கலயாட்ட இருக்குதுங்க." நோட்டுகளை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். "மொதல்ல இருந்து மறுக்கா அதே வீடியோவப் பாக்கட்டுங்களா?"

வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துப்பில்லை.

"பாருங்க" என்றேன்.