உறைப்பில்லாத கத்தரிக்காய்

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டில் முதல் நாளே புகை அலாரம் அலறியது. பெட்டிகளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. என் மனைவி ஒரு பெரிய கத்தரிக்காயையும் இரண்டு சிவப்புக் குடைமிளகாயையும் மின்சார அடுப்பின் மேல் நேரே வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தாள். பார்சலோனாவில் காஸ் நெருப்பில் சுட்டுப் பழகிய கை. நான் துவாயை வீசிப் புகையைக் கலைக்க, அவள் கருகிய தோலை உரித்தபடி சிரித்தாள்.

"அடுப்புக்கு இன்னும் என்னைத் தெரியேல்லையப்பா."

சுட்ட காய்களை நீளநீளமாகக் கிழித்து, உப்பும் உள்ளிப்பூண்டும் ஒலிவ் எண்ணெயும் சேர்த்தால் அது எஸ்கலிவாடா. ஸ்பெயினுக்குப் போன புதிதில், ஒரு சொல்லும் விளங்காத ஊரில், அவள் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினாள். மத்தியானத்தில் அங்கே அவளுக்குக் கிடைத்த சாப்பாடு இது. பின்னேரம் வீட்டுக்கு வந்து அதையே செய்து பார்ப்பாள். காய்களின் பெயர்களில் தொடங்கித்தான் அந்த மொழி அவளுக்கு வந்தது. சில வருடங்களில் அதே உணவகத்தில் சமையல் அவள் பொறுப்பானது. ஒரு புதிய ஊரில் காலூன்ற அவளுக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். ரொறன்ரோவிலும் அப்படியே தொடங்கினாள்.

நாங்கள் இங்கே வந்தது அவளுடைய அக்காவுக்காக. தாய் தகப்பன் போன பின் அவளுக்கு மிஞ்சிய ஒரே இரத்த உறவு. ஊரைவிட்டு ஆளுக்கொரு நாட்டுக்குப் போனதிலிருந்து இருவரும் தொலைபேசியில் மட்டுமே பேசிக்கொண்டவர்கள். அக்கா பக்கத்து ஊரான அஜக்ஸில் இருந்து ஞாயிறு தவறாமல் இடியப்பமும் சொதியும் பால்கறியும் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து இறக்குவார். மனைவி தான் சமைத்ததை எடுத்து வைத்தால், எட்டிப் பார்த்துவிட்டுக் கையை உதறுவார்.

"உது பத்தியச் சாப்பாடெல்லோ, பிள்ளை. தூளும் இல்லை, உறைப்பும் இல்லை. நீ இரு, நான் கொண்டு வந்திருக்கிறன்."

"ஒருக்கா இருந்து சாப்பிட்டுப் பாருங்கோவன் அக்கா."

"பிறகு பாப்பம்."

தங்கைக்கு இத்தனை காலம் ஊட்டாத குறையைத் தீர்க்கும் அவசரம் அக்காவுக்கு. தன் கையால் அக்காவுக்கு ஒரு நேரமாவது கொடுக்க வேண்டும் என்ற ஆசை இவளுக்கு. ஒவ்வொரு ஞாயிறும் அக்காவே வென்றார்.

பனிக்காலம் முடிவதற்குள் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். கோடையில் அவள் இல்லை.

முப்பத்தோராம் நாள் காரியத்தை அக்கா தன் வீட்டிலேயே செய்தார். செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். வடையும் மோதகமும் மற்றப் பெண்கள் பார்த்துக்கொள்ள, அக்கா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டார். வெளியே கரி அடுப்பில் சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் கிழிக்கப்பட்டு ஒரு கோப்பையில் கிடந்தன. பார்த்த நினைவில் செய்திருந்தார்.

"படைக்க முந்தி ருசி பாக்கக் கூடாது, தம்பி. மணத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. அவளின்ர மாதிரி இருக்கோ?"

குனிந்தேன். பார்சலோனாவில் எங்கள் சின்னக் குசினி அப்படியே எழுந்து வந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

படைத்து, அவள் வந்து உண்ணட்டுமென்று கதவைச் சாத்தி, பிறகு திறந்து, பந்தி வைத்தார்கள். அந்தக் கோப்பையை அக்கா ஒருவருக்கும் பரிமாற விடவில்லை. தன் இலையில் போட்டு, சோற்றோடு பிசையாமல், தனியாக எடுத்து வாயில் வைத்தார். மெல்ல மெல்லக் கண்ணீர் இறங்கியது.

"ஒவ்வொரு கிழமையும் கேட்டவள், தம்பி. ஒரு வாய், ஒரே ஒரு வாய் திண்டிருக்கலாம்."

நான் கோப்பையை வாங்கி, அவருடைய இலையில் இன்னும் ஒரு கரண்டி வைத்தேன்.