பழைய மூட்டை ஐந்து

குணசுந்தரியோடு ஒரே அறையில் தங்கிப் பார்த்தால்தான் என் கஷ்டம் புரியும். காலை ஐந்தரைக்கு லாட்ஜ் ஜன்னல் கம்பியில் சைக்கிள் ட்யூபைக் கட்டி இழுக்க ஆரம்பித்துவிடுவாள். ஜன்னல் கிரீச் கிரீச்சென்று அழும். நான் போர்வைக்குள்ளிருந்து திட்டுவேன். "இன்னும் இருபதுதான் எழிலு" என்பாள். அந்த இருபது முடிந்ததாக எனக்கு நினைவே இல்லை.

2006இல் நாங்கள் இருவரும் ஓர் இறால் தீவனக் கம்பெனியில் சேர்ந்தோம். பண்ணை பண்ணையாகப் போவதுதான் வேலை. நான் குளத்துத் தண்ணீரைச் சோதிப்பேன். அவள் இறாலின் வளர்ச்சியைப் பார்த்து, ஒரு நாளைக்கு எவ்வளவு தீவனம் என்று சீட்டில் எழுதிக் கொடுப்பாள். கிள்ளை, பரங்கிப்பேட்டை, பழையாறு, வேதாரண்யம் என்று மாதத்தில் இருபது நாள் பஸ்ஸில்தான் குடித்தனம். சிதம்பரத்துக்காரியான நான் பஸ் ஸ்டாண்டு பரோட்டாவில் இரண்டே வருஷத்தில் எட்டுக் கிலோ ஏறினேன். அவள் கடலூர் முதுநகர், மீன்பிடிக் குடும்பம். கல்லூரியிலேயே பளு தூக்கப் பழகியவள். அவளுடைய ஜிம் முதுநகரில் இருந்தது, அவள்தான் அங்கே இருப்பதில்லை. நானாக இருந்தால் முதல் வாரமே விட்டிருப்பேன். அதற்கு நல்ல காரணமும் சொல்லியிருப்பேன்.

அவள் விடவில்லை. போகிற இடத்திலெல்லாம் ஒரு ஜிம்மைக் கண்டுபிடித்துவிட்டாள். எந்தப் பண்ணைக்குப் போனாலும் தீவன மூட்டை இருக்கும், ஒன்று இருபத்தைந்து கிலோ. மோட்டார் பக்கத்தில் பழைய இரும்புக் குழாய் ஒன்று கிடக்கும். குழாயின் இரு முனையிலும் இரண்டிரண்டு மூட்டையைக் கயிற்றில் கட்டினால் நூறு கிலோ. வாசலில் ரோஸ் நிற மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துத்தான் பண்ணைக்குள் நுழைய வேண்டும். அந்த ஈரக்காலோடு குழாயின் முன் நின்று, குனிந்து பிடித்து, இடுப்பு நிமிரும்வரை தூக்கி நிற்பாள். டெட் லிஃப்ட் என்று அதற்குப் பேர். முதலில் சிரித்த பண்ணை ஆட்கள் பிறகு அவளுக்காகக் குழாயை எடுத்து வைத்தார்கள். ஊர், மூட்டை, எத்தனை தடவை என்று எல்லாம் நோட்டில் ஏறும்.

டெட் லிஃப்ட் மாவட்டப் போட்டியில் இரண்டு வருஷமாக இரண்டாம் இடம். நெய்வேலிப் பெண் ஒருத்தி நூற்று இருபத்திரண்டரை கிலோ தூக்கி மாநிலப் போட்டிக்குப் போய்விட்டாள். குணாவின் உச்சம் நூற்று இருபது. 2009 ஆகஸ்டில் சிதம்பரத்தில் அடுத்த போட்டி. "நூத்து இருவத்தஞ்சு தூக்கணும்டி. மாநிலத்துக்குப் போயே ஆவணும்" என்றாள்.

மே மாதம் அவளைப் பிடிக்க முடியவில்லை. "எழிலு, நூறு கிலோ பஞ்சு மாதிரி வருதுடி!" பத்துத் தடவை பதினைந்து ஆனது, பதினைந்து இருபது ஆனது. நோட்டைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுவாள். நான் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே பாராட்டினேன்.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருந்தாள். பஸ்ஸுக்குக் கூப்பிட நான் முதுநகர் ஜிம்முக்குப் போனபோது கம்பியில் நூற்றுப் பதினைந்து. இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"டூரு என்னைத் தின்னுடுச்சு எழிலு."

வேலையை விட முடியாது. அவள் சம்பளம் வந்த பிறகுதான் அவள் அம்மா மீன் கூடையை இறக்கி வைத்தார். அப்படியென்றால் விடவேண்டியது எதுவென்று இருவருக்கும் தெரியும். பையிலிருந்து சைக்கிள் ட்யூபை எடுத்து என்னிடம் கொடுத்தாள். "பொட்டி கட்ட வச்சிக்க." அந்த வாரம் லாட்ஜில் ஜன்னல் அழவில்லை. மூன்று வருஷமாக நான் ஆசைப்பட்ட நிம்மதி. ஆனால் ஐந்தரைக்கே விழித்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அடுத்து கிள்ளை, சாமிக்கண்ணுவின் பண்ணை. எங்களுக்கு அவர் மாமா. இரண்டு குளம் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஒரு மாதமாக இறால் வளரவில்லை. பழி யார்மேல் விழும்? தண்ணீர்மேல், அதாவது என்மேல்.

"ஒன் கண்ணாடிக் குழாயில என்னாதாம்மா தெரியிது? எறா ஊசி மாதிரி கெடக்குது பாரு!"

மூன்று முறை சோதித்தேன். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. குளத்தில் தீவனம் வைத்து இறக்கிய தட்டு ஒவ்வொரு முறையும் துடைத்தாற்போல் காலி. நன்றாகத்தான் தின்கிறது என்று இத்தனை நாளும் சந்தோஷப்பட்டிருந்தோம்.

குணா மூட்டைகளை எண்ணப் போனாள். மூலையில் ஏப்ரலில் வந்த பழைய மூட்டை ஒன்று கிடந்தது. அதை நகர்த்தியவள் அப்படியே நின்றாள். அதை இறக்கிவிட்டுப் புது மூட்டை ஒன்றைத் தூக்கினாள். மறுபடி பழையதைத் தூக்கினாள்.

"எழிலு, இங்க வா."

அதே நீலச் சாக்கு, அதே இறால் படம். புதியதன் அடியில், தையலை ஒட்டிப் பொடி எழுத்தில் நிகர எடை இருபது கிலோ என்று இருந்தது, பழையதில் இருபத்தைந்து. மே மாதத்திலிருந்து கம்பெனி சாக்கை மாற்றியிருக்கிறது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கம்பெனிக்காரர்களான நாங்களும் எங்கள் சாக்கையே படிக்கவில்லை. எங்கள் பக்கம் யாரும் தீவனத்தைக் கிலோவில் பேசுவதில்லை. மூட்டைதான் கணக்கு. அவளும் சீட்டில் நாலு மூட்டை என்றே எழுதிக் கொடுத்திருந்தாள். அவள் குழாயில் தொங்கியதும் அதே நாலு மூட்டைதான். நூறு என்று நினைத்துத் தூக்கியது எண்பது.

"எறாவும் அரை வயிறு, நானும் அரை வயிறு" என்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர்.

பிறகு அவள் செய்ததை நான் செய்திருக்க மாட்டேன். கம்பெனிமேல் போட்டுவிட்டுத் தப்பித்திருப்பேன். அவள் நேரே கரைக்குப் போய், "மாமா, தப்பு என்னுது. கிலோல எழுதியிருக்கணும், மூட்டைன்னு எழுதிட்டேன். இனிமே அஞ்சு போடுங்க. ஒரேயடியா ஏத்த வேணாம், மூணு நாளுல ஏத்துங்க" என்றாள்.

"ஒரு மாசம் என் எறாவ பட்டினி போட்டுட்டியேம்மா!" அவர் கத்தினார். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். அங்கேயே நின்று மற்றப் பதினோரு பண்ணைகளுக்கும் போன் போட்டாள். பதினோரு முறையும் தப்பு என்னுது என்றாள், பதினோரு பேரிடமும் திட்டு வாங்கினாள். சாமிக்கண்ணு மாமா கரையில் உட்கார்ந்து அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் போன் முடிந்ததும் எழுந்து வந்தார்.

"அப்ப ஒனக்கும் அஞ்சு கட்டணும்ல?"

நான்கு மூட்டை பக்கத்துக்கு இரண்டு. ஐந்தாவது எங்கே தொங்கும்? அவரே ஒரு மூட்டையின் தையலைப் பிரித்து, இரண்டு பையில் சரிபாதியாகக் கொட்டிக் குழாயின் இரு முனையிலும் கட்டினார். நூறு கிலோ, இந்தமுறை உண்மையான நூறு. குணா மூன்று தடவைதான் தூக்கினாள். அன்று சாயங்காலம் லாட்ஜில் சைக்கிள் ட்யூபை அவள் மடியில் போட்டேன். "நாளைக்கி அஞ்சரைக்கி" என்றேன்.

ஏழு வாரம். வேதாரண்யத்தில் ஐந்தரை மூட்டை, பழையாற்றில் ஆறு. எங்கே போனாலும் சாக்கைப் புரட்டி அடி எழுத்தைப் படித்த பிறகே கயிற்றைத் தொட்டாள்.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. இறாலை நல்லபடியாகப் பிடித்து முடித்திருந்த சாமிக்கண்ணு மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நெய்வேலிப் பெண் மறுபடி நூற்று இருபத்திரண்டரையில் முடித்தாள். குணாவுக்குக் கடைசி வாய்ப்பு, நூற்று இருபத்தைந்து. மேடைக்கு வந்தவள் கம்பியைப் பிடிக்கவில்லை. குனிந்து ஒவ்வொரு இரும்புத் தட்டிலும் இருந்த எண்ணைப் படித்தாள், முதலில் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். மண்டபம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிடித்தாள். கம்பி தரையை விட்டுக் கிளம்பியது, முழங்காலில் நின்றது, மெல்ல மேலே போனது. இடுப்பு நிமிர்ந்தது. நடுவர் கை காட்டும்வரை இறக்கக்கூடாது. முகம் சிவந்து, கால் நடுங்க, அவள் அப்படியே நின்றாள். சாமிக்கண்ணு மாமா நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

"அஞ்சு மூட்ட! பழைய மூட்ட அஞ்சு!"

மண்டபத்தில் ஒருவருக்கும் அது புரியவில்லை. நடுவரின் கை இறங்கும்வரை கம்பியை விடாமல் சிரித்துக்கொண்டு நின்ற குணாவுக்கும், அழுதுகொண்டே கை தட்டிய எனக்கும் புரிந்தது.