கல்முனைக்குப் போகாத ரயில்

என் ரயிலில் மச்சான்தான் எதையோ திருகிக் கெடுத்துவிட்டார் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டுச் சொல்லாத குறை.

ரயில் என்றால் முழங்கை நீளம். கட்டாரில் வேலை செய்த காலத்தில் வாங்கிய பொம்மை நீராவி எஞ்சின். ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினால் தண்ணீர் கொதித்து, உருளைக்குள் தண்டு போய்வந்து, சில்லு சுற்றும். நிஜ ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. எங்கள் மருதமுனைக்கு ரயில் கொண்டுவந்தவன் நான் என்று ஊரெல்லாம் பீற்றியிருந்தேன்.

மச்சான் என் மனைவியின் தம்பி. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோவதுதான் வழக்கம். அவர் கல்முனையில் பெண்ணெடுத்து அங்கே போய்விட்டார். நான் இங்கே வந்தேன். ஆனாலும் பெருநாளைக்கு வந்தால் வீடு அவருடையது, நான் விருந்தாளி.

அந்தப் பெருநாளுக்கும் வந்தார். எஞ்சினைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார். குடும்பம் முழுக்க கேட்கும்படி சொன்னார்.

"இது ஓடினா நான் மோட்டச் சைக்கிள வெச்சிட்டு கல்முனைக்கு நடந்து போறன் மச்சான்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியின் சிரிப்புத்தான் எனக்குத் தனியாகக் கேட்டது.

விளக்கைக் கொளுத்தினேன். ஆவி வந்தது. சில்லுகள் விர்ரென்று சுற்றின. ரயில் நின்ற இடத்திலேயே நின்றது. முதல்நாள் இதே தண்டவாளத்தில் கூடத்தைச் சுற்றி ஓடிய ரயில்.

"புகை நல்லா வருது. நுளம்பு விரட்ட வெக்கலாம்," என்றார் மச்சான்.

கையில் தூக்கிப் பிடித்தேன், சில்லு பறந்தது. தண்டவாளத்தில் வைத்தேன், நகரவில்லை. பற்சில்லின் ஆணியை இறுக்கினேன். தண்டைக் கழற்றிப் பூட்டினேன். கொதிகலத்தில் விரலைச் சுட்டுக்கொண்டு, வலிக்காதவன்போல் தாடியைத் தடவினேன். சுற்றுகிற சில்லைப் பார்த்துக்கொண்டே, சில்லைச் சுற்ற வைக்க வழி தேடிய ஒரே மெக்கானிக் நானாகத்தான் இருக்கும். சற்றுமுன் கவிழ்த்துப் பார்த்த மச்சானின் கை எதைத் திருகியதோ என்ற எண்ணம் மட்டும் தலைக்குள் நன்றாக ஓடியது.

பலர் கூடிச் சாப்பிடும் சஹன் தட்டைச் சுற்றி மச்சானும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "தின்னுங்க, தள்ளினாத்தான் சிலது நகரும்," என்றார். அந்தத் துண்டை மென்று விழுங்குவதற்குள் என் திட்டம் தயார்.

கடைசி இனிப்பான வட்டிலப்பத்தையும் முடித்துவிட்டு அவர் குறட்டை விட்டார். நான் ரயிலுக்கு எடுத்த அதே குறடோடு முற்றத்துக்குப் போனேன். அவருடைய மோட்டார் சைக்கிளின் செயின் மூடியைக் கழற்றி, செயினை உருவி, மூடியைத் திரும்பப் பூட்டினேன். செயின் என் சாரன் மடியில். பெருநாள் உடுப்புக்கு இவ்வளவு பாரம் எனக்கு முன்னெப்போதும் இருந்ததில்லை.

அசர் தொழுகைக்குப் பிறகு அவர் ஸலாம் சொல்லிப் புறப்பட்டார். உதைத்தார், ஸ்டார்ட் ஆனது. கியரைப் போட்டு முறுக்கினார். எஞ்சின் அலறியது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

"புகை நல்லா வருது மச்சான்," என்றேன்.

இறங்கிச் சில்லைக் குனிந்து பார்த்தார். பெருநாளில் வண்டி திருத்தும் கடையெல்லாம் பூட்டு. கல்முனைப் பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ரயில் ஓடாமலே நடக்க வைத்தேனே என்று எனக்கு இன்னொரு வட்டிலப்பம் தின்ற மாதிரி இருந்தது.

அவர் சந்தி திரும்பியதும் உள்ளே வந்து, தண்டவாளத்தைப் பெட்டியில் அடுக்கத் தூக்கினேன். கையிலிருந்து வழுக்கி விழுந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி வழுக்கியது. விரலை முகர்ந்து பார்த்தேன்.

கடற்காற்றுக்குத் துருவேறக்கூடாதென்று எங்கள் ஊரில் தறியிலிருந்து கதவுப் பூட்டுவரை இரும்பையெல்லாம் தேங்காயெண்ணெயால் துடைப்போம். பெருநாள் தொழுகைக்குப் போகுமுன் தண்டவாளத்தையும் நான் துடைத்திருந்தேன்.