புகைந்த வைக்கோல் போர்

எங்கள் நிலம் இருந்த இடத்தில் இப்போது நிற்கும் தொழிற்சாலையில், நேற்று ஷிப்டில் ஒரு மரப்பெட்டியைப் பிரித்ததும் ஈர வைக்கோல் வாசனை அடித்தது, தனியாகச் சிரித்தேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் நிலத்தீர்வை கட்ட மாட்டோம் என்று நின்ற எங்கள் ஊர்க்காரர்கள், ஜப்திக்கு ஆள் வந்தால் பித்தளைப் பாத்திரங்களையெல்லாம் வைக்கோல் போருக்குள் செருகிவிடுவார்களாம். வெள்ளைக்காரன் போன பிறகும், தீர்வை பாக்கி எதுவும் இல்லாதபோதும்கூட, ஜீப் சத்தம் கேட்டால் போதும், பெரியம்மாவின் கை தானாக அண்டா, சொம்பு, குத்துவிளக்கு என்று அள்ளும். தொண்ணூற்றொன்றில் ஒருநாள், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றுத் தவலையையும் அவசரத்தில் செருகிவிட்டாள். போரிலிருந்து ஆவி கிளம்பியது.

"இன்னாம்மா, போர் பொகையுது?" என்றார் ஜீப்பில் வந்த அதிகாரி.

"பின்னால மாடு கீது சார், மூச்சு வுடுது."

அவர் சிரித்துக்கொண்டே அளவுச் சங்கிலியைப் பிரித்து, கிணற்றிலிருந்து ஏரிக்கரை வரை எங்கள் நிலத்தை அளந்தார். இங்கே கம்பெனி வரப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஜீப் மறைந்ததும் பெரியம்மா தவலையை வெளியே இழுத்தாள். சோறு பதமாக வெந்திருந்தது. பரிமாறும்போது அவளுக்கு முகமெல்லாம் பெருமை.

"பாத்தியா, ஒரு சொம்புகூட எடுத்துகினு போவல."