இடது பக்கத்தில் ஆறு கண்ணி குறைவு

லாஜிக் வகுப்பில் கொட்டாவி விடப் போனேன். பாதியில் இடது விலாவுக்குள் ஊசி இறங்கியது போல ஒரு குத்தல். கொட்டாவி அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் பேராசிரியரின் பாடத்துக்கு அரைக் கொட்டாவியே அதிகம் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். என் புத்தி அப்போது அவ்வளவுதான். நான்காம் நாள் காய்ச்சலில் பிதற்றினேனாம்.

நிமோனியா (நுரையீரல் அழற்சி) வந்து, போகும்போது எம்பயீமாவை (நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டுதல்) வைத்துவிட்டுப் போயிற்று. குளோரோபாரம் கொடுத்து, ஒரு விலா எலும்பில் இரண்டு அங்குலம் வெட்டி எடுத்து, அந்த வழியாக ரப்பர் குழாய் ஒன்றைச் சொருகினார்கள். மார்பில் குழாயோடு கட்டிலில் கிடப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களைப் பார்க்க வருகிறவர்கள் "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்பார்கள். அவர்களுடைய விலாவைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். உடனே எழுந்து போய்விடுவார்கள்.

துர்கா பூஜைக்கு முன்பு ஆஸ்பத்திரியிலிருந்து குழாயோடேயே பாலிகஞ்ச் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கண்ணாடியில் பார்த்தால் இடது மார்பு பள்ளமாகவும் தோள் சரிந்தும் இருந்தது. வாரம் ஒருமுறை வரும் வங்காளி டாக்டர் இரண்டு புட்டிகளைக் குழாயால் இணைத்துக் கொடுத்து, ஒன்றிலிருக்கும் தண்ணீரை ஊதி மற்றதற்கு ஏற்றச் சொன்னார். ஊத ஊத நுரையீரல் விரிந்து, சீழ் இருந்த குழியை அடைக்குமாம். கிறிஸ்துமஸுக்குள் குழி அடைபடாவிட்டால் இன்னும் நான்கு விலா எலும்புகளை எடுக்க வேண்டும் என்றார். மழை பெய்யுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னார்.

என் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. மீன்காரனை விரட்டப் போதுமான வங்காளி அவளுக்குத் தெரியும். அவளுக்குப் புரியட்டும் என்று டாக்டர் எளிமையாக, உள்ளே இருக்கும் 'கொர்' மூட வேண்டும் என்றார். கொர் என்றால் அறை. அம்மா அன்றே என் அறையின் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்தி, இடுக்குகளில் பழைய வேஷ்டியைச் சொருகிவிட்டாள். அரை நுரையீரல்காரன் ஒரு வாரம் அதற்குள் வெந்தேன்.

"டாக்டர்தானேடா உள் ரூமை மூடச் சொன்னார்? நீயும் கேட்டுண்டுதானே இருந்தே?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பி.ஏ. படிக்கிறவனுக்கும் அவர் எந்த அறையைச் சொன்னார் என்று தோன்றவில்லை. அடுத்த வாரம் டாக்டர் வந்து ஜன்னல்களைத் தாமே உதைத்துத் திறந்தார். என் தங்கை சரஸா பதினான்கு வயதுக்காரி, வங்காளிப் பெண்கள் பள்ளியில் படிக்கிறவள், சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நல்ல வேளை, எங்க தையல் டீச்சர் பேச்சை அம்மா கேக்கல. பின்னல்ல ஒவ்வொரு கண்ணியும் கொர்தான். ரெண்டு கொர் விழுந்துடுத்துன்னா அம்மா தெருவுக்கு ஓடியிருப்பா."

இடது கை விறைத்துப்போகாமல் இருக்க எதையாவது செய் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், சரஸா தன் பின்னல் ஊசிகளை என் மடியில் போட்டாள். பெண்பிள்ளை வேலை என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகத்துக்காகவே அன்று மாலை நாற்பது கண்ணி ஏற்றினேன்.

ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் கார்டிகன் (முன்புறம் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டை) பின்னும் முறை கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டிருந்த கனவானின் படத்தை நான் வெறுத்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு. அதில் அவனுக்குக் கர்வம் வேறு. முன்பக்கம் ஒவ்வொன்றுக்கும் நாற்பத்தெட்டுக் கண்ணி என்று போட்டிருந்தது. சரஸா நாடாவை நெஞ்செலும்பிலிருந்து இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியாகப் பிடித்தாள். இடது ஓர் அங்குலம் குறைவு. அங்குலத்துக்கு ஆறு கண்ணி. ஆகவே இடது பக்கத்துக்கு நாற்பத்திரண்டு என்று பத்திரிகையின் ஓரத்தில் திருத்தி எழுதினேன். என் நோயைப் பற்றி அதுவரை எழுதப்பட்டதிலேயே அதுதான் உருப்படியான குறிப்பு.

காலையில் புட்டி, மத்தியானம் ஊசி. முதுகு முடிந்தது, வலது முடிந்தது. மூன்று தரம் பிரித்துப் போட்டு இடதையும் முடித்தேன். தைத்து மாட்டிப் பார்த்தால் இடது பக்கம் பொத்தானுக்கு எட்டவில்லை.

"எண்ணத் தெரியாத கழுதையே, இடம் வலம் மாத்தி அளந்துட்டே."

"கத்தாதே அண்ணா. நாப்பத்திரெண்டு கொர் நாப்பத்திரெண்டாத்தான் இருக்கு. வலது ஒழுங்கா இருக்கே, மாத்தியிருந்தா அது தொங்காதா? அசையாம நில்லு."

மறுபடியும் நாடாவைப் பிடித்தாள். எடுத்து இன்னொரு தரம் பிடித்தாள். பிறகு நாடாவில் நகத்தை வைத்தபடியே என்னிடம் காட்டினாள். இடது பக்கம் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடியிருந்தது. கம்பளி சுருங்கவில்லை. நான் அகன்றிருந்தேன்.

அந்த வாரம் டாக்டர் தட்டிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார். குழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது, குழாயை எடுத்துவிடலாம், ஆபரேஷன் வேண்டாம் என்றார். தம்முடைய புட்டிகளைப் பற்றிக் கால்மணி நேரம் பெருமையடித்துக்கொண்டார். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா சமையலறைக்குள் போய் அழுதாள்.

சரஸா இடது பக்கத்தைப் பிரிக்கத் தொடங்கினாள். "ஆறு கொரையும் சேத்துடட்டுமா, அண்ணா?"

நான் மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தேன். எதுவரை வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. நோய்க்கு முன்பு எனக்கு இடது மார்பு என்று தனியாக ஒன்று இருந்ததில்லை.

"நாலு போதும். மீதி ரெண்டு வராது."

"டாக்டர் சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

நூலை அவளிடமிருந்து வாங்கி நாற்பத்தாறு ஏற்றினேன். அப்புறம் தேதி பார்க்கும் வழக்கம் விட்டுப்போயிற்று. கிறிஸ்துமஸ் வந்து போனதை அப்பா சொல்லித்தான் அறிந்தேன். அன்று நான் இடது பக்கத்தில் கை நுழையும் வளைவைப் பின்னிக்கொண்டிருந்தேன். இன்னும் பதினெட்டு வரிசை பாக்கி.