இடது முன் சக்கரம்

பேய் கிடையாது என்று கல்லூரி இதழில் நான் எழுதிய கட்டுரைக்கு ஒரு பேனா பரிசாகக் கொடுத்தார்கள். அந்தப் பேனாவால்தான் இதை எழுதுகிறேன். இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. கற்பனையாக இருந்தால் என்னைக் கொஞ்சமாவது வீரனாகக் காட்டியிருப்பேன்.

அர்ச்சுனன் மாமா, என் அம்மாவின் அண்ணன், போன மாதம் இறந்துபோனார். கோப்பெங் ஊரைத் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டம். இப்போது முழுக்கச் செம்பனை மரங்கள். குன்றுக்குப் பின்னால் தோட்டத்து இடுகாடு மட்டும் மிச்சமிருக்கிறது. அங்கேதான் புதைத்தோம். அன்று நல்ல வெயில், லாரி நேராகப் போய்விட்டது. ஆனால் பெண்கள் இடுகாட்டுக்கு வரக்கூடாது என்று இருளாயி அத்தையை முச்சந்தியிலேயே நிறுத்திவிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து மாமாவோடு இருந்தவருக்கு முச்சந்தி வரைதான் அனுமதி.

மூன்றாம் நாள் பால் ஊற்ற வேண்டும். சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது அத்தையும் பால் செம்போடு வாசலில் நின்றார்.

"பொம்பளைங்க வரக்கூடாதும்மா," என்றான் அவர் மகன் பவித்ரன்.

"அப்பாவ வெச்ச எடத்த நான் பாக்கணும்டா. ஒரே ஒரு தடவ. அப்புறம் ஊரு என்ன வேணா பேசட்டும்."

முட்டி தேய்ந்துபோய் அத்தையால் பத்தடி நடக்க முடியாது. ஆகவே மாமாவின் பிக்கப்பை எடுத்தோம். வண்டிக்கு என்னைவிட வயது அதிகம், அத்தையைவிட உடம்பு மோசம். பவித்ரன் ஓட்டினான். அத்தை இடது பக்கம், ஜன்னலோரம். நான் எதற்கு? தள்ளுவதற்கு.

இரண்டு நாளாக மழை. குன்று ஏற்றத்தின் பாதியில் பின் சக்கரங்கள் சேற்றில் இறங்கி, நின்ற இடத்திலேயே சுற்றின. மணி 6.50. இன்னும் கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும்.

முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கட்டும் என்று பவித்ரன் ஃபோர் வீல் கம்பியை இழுத்தான். பச்சை விளக்கு எரிந்தது. முன் சக்கரங்கள் அசையவில்லை.

"பழைய வண்டிலா மச்சான். எறங்கித்தான் பூட்டணும்."

முன் சக்கரத்தின் நடுவில், ஹப் மூடியில், ஒரு திருகு இருக்கிறது. அதைக் கையால் திருப்பினால்தான் சக்கரம் அச்சோடு சேரும். வலது பக்கம் கடக் என்று பிடித்தது. இடது பக்கம் குந்தி உட்கார்ந்து திருப்பினான். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சத்தமே இல்லை.

"ஒரு பக்கம் பிடிக்கலன்னா என்ன? இன்னொரு பக்கம் இழுக்காதா?"

"இழுக்காது. இழுவை முழுக்கப் பிடிக்காத பக்கமா ஓடிரும்."

"எங்க குரூப் அசைன்மென்ட் மாதிரி."

அவன் சிரிக்கவில்லை. வலது பக்கமாகப் படுத்து, கைப்பேசி விளக்கை அடித்துக் கீழே பார்த்தான். என்னைக் கியர் போடச் சொன்னான். அச்சு சுற்றியது. இடது சக்கரம் சும்மா நின்றது.

"ஹப்புதான். பட்டறைல அவுத்துப் பாக்கணும். இங்க ஒண்ணும் முடியாது."

ஜன்னலுக்கு வந்தான். "திரும்பிரலாம்மா. பால நானு நடந்துபோய் ஊத்திட்டு வாரேன்."

அத்தை அழவில்லை. செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தடவ பாருடா," என்றார்.

அவன் ஏறினான். நான் பின்னால் தோள் கொடுத்தேன். எஞ்சின் கத்தியது. சேறு என் முகத்தில் அடித்தது. வண்டி இம்மிகூட நகரவில்லை.

அப்போது அத்தையின் குரல் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கீழே, இடது சக்கரத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். மெதுவாக. வீட்டில் பேசுகிற மாதிரி.

"...சேத்துல முட்டி போடாதீங்க... எந்திரிங்க... ஒங்களுக்கு ஆவாது..."

பவித்ரன் ஸ்டியரிங்கில் இருந்தான்.

நான் பின்னால் இருந்தேன்.

அப்படியானால்...

டக்.

இடது பக்கத்திலிருந்து.

இரண்டு முன் சக்கரமும் சேற்றை வாரி அடித்தன. வண்டி ஏறியது.

நான் குப்புற விழுந்தேன். எழுந்து பார்த்தேன். இடது சக்கரம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், சேற்றில் இரண்டு குழி. முட்டி போட்டு உட்கார்ந்த குழி. தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது.

வந்த காலடி இல்லை.

போன காலடியும் இல்லை.

வண்டியின் பின்னாலேயே ஓடினேன்.

மாமாவின் குழிமேட்டில் பூமாலை இன்னும் முழுதாக வாடவில்லை. அத்தையைக் கைத்தாங்கலாக இறக்கினோம். பாலை ஊற்றினார். மண்ணைத் தடவிக் கொடுத்தார், காய்ச்சல்காரரின் நெற்றியைத் தடவுகிற மாதிரி.

"வந்துட்டேங்க," என்றார். "இனிமே வண்டிய விட்டுருங்க."

இறக்கத்தில் சிரமமில்லாமல் வந்துவிட்டோம். வீட்டு வாசலில் பவித்ரன் இடது திருகைத் தொட்டான். பழையபடி வெறுமனே சுற்றியது.

இதற்கு நான் ஒரு விளக்கம் தயாராக வைத்திருந்தேன். துரு, ஈரம், அதிர்வு, தற்செயலாகப் பிடித்துக்கொண்டது. நல்ல விளக்கம். பதினோராம் நாள் மெங்லெம்புவில் சீன மெக்கானிக் ஆ கியோங்கின் பட்டறைக்குப் போகும் வரை தாங்கியது. அத்தையும் வந்தே தீருவேன் என்று வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஆ கியோங் ஹப் மூடியைக் கழற்றினார். விளக்கைப் பிடித்துப் பார்த்தார்.

"கோசோங்," என்றார். மலாயில் காலி என்று அர்த்தம். "சக்கரத்த அச்சோட சேக்குற கியர் உள்ள இல்லலா. உங்க அப்பாதான் வந்து கழட்டினான். எட்டு ஒம்பது வருஷம் ஆச்சு. மூடி மட்டும் சும்மா."

"இதோட ஃபோர் வீல்ல ஏறுச்சு அங்கிள்," என்றான் பவித்ரன்.

"ஏறாது."

"ஏறுச்சு."

"தம்பி, ஏறாதுலா."

நானும் குனிந்து பார்த்தேன். உள்ளே பழைய கிரீஸ் தார் மாதிரி இறுகிக் கிடந்தது. அச்சின் நுனியைச் சுற்றி, அந்தக் கிரீஸில், நாலு விரலும் எதிரே ஒரு கட்டை விரலும் அழுந்தப் பதிந்திருந்தன. இறுக்கிப் பிடித்தது போல. கழற்றிய நாளில் பட்ட கையாக இருக்கலாம்.

ஆனால் விரல் பதிந்த பள்ளங்களில் மட்டும் செம்மண் சேறு இருந்தது.

ஈரமாக...

ஆ கியோங் துணியை எடுத்தார்.

"தொடைக்காதீங்க," என்றார் அத்தை. யாரும் பிடிக்காமல் எழுந்து, சக்கரம் வரை வந்து, தன் விரல்களை ஒவ்வொன்றாக அந்தப் பள்ளங்களில் வைத்தார்.

"அப்பா கை சில்லுன்னு இருக்குடா," என்றார் மகனிடம்.